வெரி: ஒரு மிகுதிச்சொல்லின் நாணயம்



மொழி கற்பித்தலையே வாழ்வாகக் கொண்ட ஓர் ஆசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. பெரிய தத்துவம் ஒன்றை எடுத்து விரிப்பதைவிட, வகுப்பறையில் நாள்தோறும் புழங்கும் ஒரு சொல்லை எடுத்து அதன் அடிவரை போய்ப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதினேன். அந்தச் சொல் ‘வெரி’. ஆங்கிலம் படிக்காதவர்களும் அறிந்த ஆங்கிலச் சொல் அது. எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் நின்று பார்க்காத சொல்லும் அதுதான்.

ஒரு பண்பின் அளவைக் கூட்டிச் சொல்லும் சொற்களை இந்த உரையில் மிகுதிச்சொற்கள் என்று குறிப்பேன். ஆங்கில மிகுதிச்சொற்களில் தலையாயது வெரி. ஆனால் அது பிறந்தபோது மிகுதியைக் குறிக்கவில்லை, உண்மையைக் குறித்தது. ‘மெய்யான’ என்று சாட்சி சொன்ன சொல், ‘மிக’ என்று அளவு சொல்லும் சொல்லாக மாறிற்று. அந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டால், மிகுதிச்சொல் எதுவாயினும் அது சொல்பவர் தரும் ஓர் உறுதிமொழி என்பது விளங்கும். நான் இன்று சொல்ல வந்தது அதுதான்.

மெய்யாக இருந்த காலம்

லத்தீன் மொழியில் ‘வேருஸ்’ என்றால் உண்மையான என்று பொருள். அதன் வழி வந்தது பழைய பிரெஞ்சின் ‘வெராய்’. இன்றைய பிரெஞ்சில் அது ‘வ்ரே’ என்ற வடிவில், உண்மை என்ற பொருளிலேயே வாழ்கிறது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு அங்கே அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஆட்சி செலுத்தியது. அந்தப் பிரெஞ்சின் வழியாக இச்சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. நீதிமன்றத் தீர்ப்பைக் குறிக்கும் ‘வெர்டிக்ட்’, சரிபார்ப்பதைக் குறிக்கும் ‘வெரிஃபை’ ஆகியவை இதன் உடன்பிறப்புகள். வெர்டிக்ட் என்பதன் நேர்ப்பொருள், உண்மையாகச் சொல்லப்பட்டது என்பதே.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளின் முன்னுரையில் ஒரு போர்வீரனைப் பற்றிய வருணனை உண்டு. அதில் இந்தச் சொல்லும், குறையற்ற, பண்புள்ள என்று பொருள்படும் சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. இன்றைய வாசகர் அதை ‘மிகவும் குறையற்ற’ என்று படித்துவிடுவார். சாசர் கருதியது ‘மெய்யான, குறையற்ற, பண்புள்ள வீரன்’ என்பதை. பெயர்ச்சொல்லுக்கு முன் இரண்டு மூன்று அடைகள் வரிசையாக நிற்கும்போது, முதல் அடை பெயரைத் தழுவுகிறதா, அடுத்த அடையைத் தழுவுகிறதா என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயத்தின் இடைவெளியில்தான் மெய் மிகுதியாக நகர்ந்தது. யாரும் திட்டமிடவில்லை, கேட்டவர்கள் வேறு விதமாகப் பிரித்துக் கேட்டார்கள்.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் விவிலியத்தில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தில், பார்வை மங்கிய ஈசாக்கிடம் இளைய மகன் யாக்கோபு, கையில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு, மூத்தவன் ஏசாவாக நடித்து வருகிறான். தகப்பன் சந்தேகப்பட்டு, அருகே வா, தடவிப் பார்க்கிறேன் என்கிறார். ‘நீ என் மகன் ஏசாதானா?’ என்பது அவர் கேள்வியின் சாரம். ஆங்கிலத்தில் அந்தத் ‘தானா’வின் வேலையைச் செய்வது வெரி. ஆங்கிலத் திருச்சபையின் விசுவாச அறிக்கையிலும் கிறிஸ்துவை மெய்யான கடவுள் என்று அறிக்கையிடும் இடத்தில் இதே வெரிதான் நிற்கிறது. தமிழ் வழிபாட்டில் அங்கே ‘மெய்’ ஒலிக்கிறது.

இந்தப் பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ‘தி வெரி மேன்’ என்றால் மிகுந்த மனிதன் அல்ல. அதே மனிதன், அவனேதான். ‘அட் தி வெரி எண்ட்’ என்றால் கடைக்கோடியில். மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே ‘மிக’ என்ற சொல்லைத் தேடக்கூடாது. நம்முடைய ஏகாரமும் ‘தான்’ என்ற இடைச்சொல்லும் ‘அதே’ என்ற சுட்டும் இந்த வேலையைச் செவ்வனே செய்யும்.

இடம்பிடித்த வரலாறு

வெரி வருவதற்கு முன் ஆங்கிலேயர் மிகுதியைச் சொல்லாமல் இருந்தார்களா? பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்வீதெ’ என்ற சொல் இருந்தது. வலிமையாக என்பது அதன் மூலப்பொருள். அது தேய்ந்தபோது ‘வெல்’, ‘ஃபுல்’, ‘ரைட்’ ஆகியவை அந்த வேலையைப் பகிர்ந்துகொண்டன. ஃபுல் என்றால் நிரம்ப. நம்முடைய ‘ரொம்ப’வும் ‘நிரம்ப’ என்பதிலிருந்து வந்ததுதான். ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள், நிறைவிலிருந்து மிகுதிக்கு ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

ரைட் என்ற பழைய மிகுதிச்சொல்லைத் தமிழ்நாட்டுக்காரர்கள் தெரியாமலே அறிவார்கள். வலங்கைமானில் பிறந்து, ஆங்கிலப் பேச்சாற்றலால் உலகை வியக்கவைத்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1921இல் பிரிட்டிஷ் அரசரின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சிலின் உறுப்பினரானார். அதன்பின் ‘ரைட் ஆனரபிள்’ என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்த ரைட் என்பதற்குச் சரியான என்றோ, வலது என்றோ பொருளில்லை. ‘மிகவும் மாண்புமிகு’ என்பதே பொருள். பேச்சிலிருந்து விலகிய மிகுதிச்சொற்கள் பட்டங்களிலும் மரபுத் தொடர்களிலும் இப்படி உறைந்துபோய் வாழும். தமிழிலும் அப்படித்தான். தொல்காப்பிய உரியியல் மிகுதிப் பொருளுக்கு உறு, தவ, நனி ஆகிய மூன்றைச் சொல்கிறது. நன்னூல் சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்குகிறது. இவற்றில் ஒன்றையும் இன்று நாம் வீட்டில் பேசுவதில்லை. ஆனாலும் ‘சாலச் சிறந்தது’ என்று மேடையில் சொல்கிறோம்.

வெரி பரவத் தொடங்கியபோது அதற்கு நல்ல வரவேற்பு இருந்ததா? 1597இல் முதன்முதலாக அச்சான ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில் மெர்கூஷியோ என்ற பாத்திரம் புதுப்பாணியில் பேசித் திரியும் பகட்டுக்காரர்களை வெறுத்துப் பேசுகிறான். அவர்களைப் போலவே பேசிக்காட்டும்போது ஒவ்வொரு பாராட்டுக்கும் முன்னால் ஒரு வெரி வைக்கிறான். இன்று நாம் இலக்கணத்தின் தூணாகக் கருதும் சொல், அன்று நாகரிக இளைஞர்களின் வாயில் கேட்டுச் சலிக்கும் சொல்லாக இருந்திருக்கிறது. இளைஞர் பேச்சைப் பழிப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இன்றைய பழிப்புக்குரிய சொல் நாளைய பாடநூலில் இருக்கக்கூடும்.

இளைஞர்களுக்கு அடுத்தபடியாகப் பழி சுமந்தவர்கள் பெண்கள். சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1754 டிசம்பரில், செஸ்டர்ஃபீல்ட் பிரபு ‘தி வேர்ல்ட்’ என்ற இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பெண்மணி சிறிய பொன் பொடிடப்பியைப் பார்த்து, அது பரந்த அளவில் சிறியது, ஆகவே பரந்த அளவில் அழகானது என்று சொன்னதாக அதில் கேலி செய்கிறார். ‘வாஸ்ட்லி’ என்ற மிகுதிச்சொல் அக்காலத்தின் நாகரிகம். டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1922இல் எழுதிய நூலில், மிகுதிச்சொற்களில் பெண்களுக்கே நாட்டம் அதிகம் என்று எழுதினார்.

இங்கே நான் அழுத்தமாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பெண்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்ற தீர்ப்பு நியாயமற்றது. மொழியில் புதிய மாற்றங்கள் பலவற்றைப் பெண்களே முன்னெடுத்துச் செல்கிறார்கள் என்பதைச் சமூக மொழியியல் பல ஊர்களில் கண்டிருக்கிறது. ரிகா இட்டோவும் சாலி டாக்லியமான்டேயும் இங்கிலாந்தின் யார்க் நகரப் பேச்சை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரையில், முதியோர் வெரியைப் பற்றிக்கொண்டிருக்க, இளையோரிடம் ‘ரியலி’ மேலெழுந்திருப்பதைக் காட்டினார்கள். 2005இல் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் உரையாடல்களை ஆராய்ந்த இன்னொரு கட்டுரை, அங்கே ‘ஸோ’ முன்னணியில் இருப்பதையும், பெண் பாத்திரங்கள் அதை அதிகம் ஆள்வதையும் கண்டது. செஸ்டர்ஃபீல்ட் கேலி செய்தது மொழியின் குறையை அல்ல. மொழி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடத்தை.

ஆளும் முறை

இனி இலக்கணம். நம் மாணவர்கள் வெரியில் தடுமாறுவது சில குறிப்பிட்ட இடங்களில்தான். அவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் தமிழின் ‘ரொம்ப’.

ரொம்ப, வினையையும் தழுவும், பண்பையும் தழுவும். ‘ரொம்பப் பிடிக்கும்’, ‘ரொம்பப் பெரியது’ இரண்டும் தமிழ். ஆங்கிலத்தில் வெரி பண்பையும் வினையடையையும் மட்டுமே தழுவும். வினையை நேரே தொடாது. அதனால் ‘ஐ வெரி லைக்’ என்பது பிழை. வினைக்கு ‘வெரி மச்’ வேண்டும்.

ஒப்பீட்டிலும் இதே கதை. ‘இதைவிட அது ரொம்ப நல்லது’ என்கிறோம். தமிழில் ‘நல்லது’ ஒப்பீட்டுக்காக வடிவம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் குட் என்பது பெட்டர் ஆகிவிட்டால், அதற்கு முன் வெரி வராது, ‘மச் பெட்டர்’தான். ஆனால் உச்சநிலையான பெஸ்டுக்கு முன் ‘தி வெரி பெஸ்ட்’ என்று வரும். அங்கே அது பழைய மெய்ப்பொருளை உடுத்திக்கொண்டு வருகிறது: மிகச் சிறந்தவற்றிலும் சிறந்தது இதுவேதான்.

மூன்றாவது, ‘டூ’. ‘காபி ரொம்பச் சூடு’ என்பதில் ரொம்ப வெறும் மிகுதி. ‘ரொம்பப் பேசாதே’ என்பதில் ரொம்ப, எல்லை மீறல். ஒரே சொல் இரண்டு வேலையும் செய்கிறது. ஆங்கிலம் இரண்டையும் பிரித்து, மிகுதிக்கு வெரி, எல்லை மீறலுக்கு டூ என்று வைத்திருக்கிறது. எனவே ஒருவருடைய உழைப்பைப் பாராட்ட எண்ணி ‘டூ மச்’ என்று எழுதினால், படிப்பவருக்கு அது குறை சொல்வதாகப் படும். நண்பர்களுக்குள் ‘டூ குட்’ என்று வியப்பது வழக்கம்தான். ஆனால் கடிதத்திலும் அறிக்கையிலும் வேறுபாட்டைக் காக்க வேண்டும்.

நான்காவது, எதிர்மறை. ‘நாட் வெரி குட்’ என்றால், மிக நன்று அல்ல, ஓரளவு நன்று என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. ஆங்கிலேயர் அப்படிச் சொன்னால், நன்றாக இல்லை என்பதையே நாசூக்காகச் சொல்கிறார். தமிழில் அதற்கு நேரான தொடர் ‘அவ்வளவு நல்லா இல்லை’.

கடைசியாக, வெரி எல்லாப் பண்பையும் ஏற்காது. படிநிலை உள்ள பண்புகளுக்கே அது பொருந்தும். பெரிது, சூடு, அழகு ஆகியவற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். இறந்த, ஒரே ஒரு என்பனவற்றுக்குப் படிநிலை இல்லை. உச்சத்தில் இருக்கும் பண்புகளுக்கு ‘அப்சொல்யூட்லி’, ‘கம்ப்ளீட்லி’ போன்றவை வரும். ராண்டால்ஃப் குவர்க்கும் அவருடைய மூன்று தோழர்களும் 1985இல் வெளியிட்ட ஆங்கிலப் பேரிலக்கணம் மிகுதிச்சொற்களை உச்சம் சொல்பவை, ஏற்றம் சொல்பவை என்று வகைப்படுத்துகிறது. இந்த வகைப்பாட்டை மாணவருக்குச் சொல்லிவிட்டால் பாதிப் பிழைகள் தாமே மறையும்.

ஏன் தேய்கிறது?

வெரி எப்படி மெய்யில் தொடங்கி மிகுதியில் முடிந்ததோ, அதே வழியில் ரியலி, ட்ரூலி, லிட்டரலி எல்லாம் நடந்தன. லிட்டரலி என்றால் எழுத்துக்கு எழுத்து, சொன்னபடியே. 1769இல் வெளிவந்த ஃப்ரான்சிஸ் ப்ரூக்கின் நாவலிலேயே அது உருவகத்தோடு சேர்ந்து மிகைப்படுத்த வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2011இல் இந்தப் பொருளைப் பதிவு செய்தது. இரண்டு ஆண்டு கழித்துச் செய்தித்தாள்கள் அதைக் கண்டுபிடித்து, மொழி அழிந்தது என்று கூக்குரலிட்டன. வெரிக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததுதான் லிட்டரலிக்கும் நடந்தது.

இன்னொரு வழி, அச்சத்தின் வழி. ‘டெரிபிளி’, ‘ஆஃபுலி’ இரண்டும் திகிலூட்டும்படி என்ற பொருளில் தொடங்கி, வெறும் மிகவும் என்று ஆகிவிட்டன. நம் தெருவில் ‘படம் பயங்கரமா நல்லா இருக்கு’ என்கிறோம். ‘நெசமாவே நல்லா இருக்கு’ என்றும் சொல்கிறோம். மெய்யும் அச்சமும் நிறைவும் வலிமையும்: மனிதர்கள் மிகுதியைச் சொல்லப் போகும் ஊற்றுகள் எல்லா மொழியிலும் இவைதாம் போலும்.

தேய்மானத்துக்குக் காரணம் என்ன? தமிழில் நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள், வாக்குத் தவறாமை என்றும் பொருள். மிகுதிச்சொல்லுக்கு இந்த இரண்டு பொருளும் பொருந்தும். ‘உண்மையாகவே’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அந்த வாக்கை நம்பிக் கூடுதல் எடை தருகிறார். அந்த எடை கிடைக்கிறது என்று தெரிந்ததும், உண்மையின் தேவையில்லாத இடத்திலும் அதைச் செலவழிக்கிறோம். எல்லோரும் செலவழித்தால் மதிப்பு விழுகிறது. பிறகு புதிய உறுதிமொழி ஒன்றைத் தேடிப் போகிறோம். ஸ்வீதெக்குப் பின் ஃபுல், ஃபுல்லுக்குப் பின் வெரி, வெரிக்குப் பின் ரியலி.

எண் பெற்ற வெரி

இந்தத் தேய்மானம் தவிர்க்க முடியாததா? பொதுப் பேச்சில் ஆம். ஆனால் மனிதர்கள் கூடி, இந்தச் சொல்லுக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுதி வைத்த இடங்களில் வெரி இன்றும் முழு மதிப்போடு நிற்கிறது. இரண்டு சான்றுகள் சொல்கிறேன்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாம் காதைத் தீட்டிக் கேட்கும் அறிவிப்புகள் முதல் சான்று. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில், 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் ‘ஹெவி’, கனமழை. 115.6 முதல் 204.4 வரை ‘வெரி ஹெவி’, மிக கனமழை. அதற்கு மேல் ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’, அதி கனமழை. புயலிலும் இப்படியே. மணிக்கு 118 முதல் 165 கிலோமீட்டர் வரை காற்று வீசினால் ‘வெரி சிவியர்’. 2020 நவம்பரில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நிவர் புயல் அந்த வகையைச் சேர்ந்தது. இங்கே வெரி என்பது உணர்ச்சி அல்ல. அந்த ஒரு சொல்லை நம்பிப் பள்ளிகள் மூடப்படுகின்றன, படகுகள் கரைக்கு வருகின்றன, தாழ்வான பகுதி மக்கள் முகாமுக்குப் போகிறார்கள்.

இரண்டாவது, ஐபிசிசி எனப்படும் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு. அதன் அறிக்கைகளில் ‘லைக்லி’, ‘வெரி லைக்லி’, ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவு எண் உண்டு. புவி வெப்பமாவதற்கு மனிதச் செயல்பாடே முதன்மைக் காரணம் என்பதை 2001 அறிக்கை ‘லைக்லி’ என்றது. 66 விழுக்காட்டுக்கு மேல். 2007இல் அது ‘வெரி லைக்லி’ ஆனது, 90க்கு மேல். 2013இல் ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’, 95க்கு மேல். 2021இல், மனிதச் செயல்பாடு வளிமண்டலத்தையும் கடலையும் நிலத்தையும் வெப்பமாக்கியிருப்பது ஐயத்துக்கு இடமற்றது என்றே எழுதிவிட்டார்கள். அந்த அறிக்கைகளின் சுருக்கத்தை உலக அரசுகளின் பேராளர்கள் வரிவரியாகப் படித்து ஒப்புக்கொள்கிறார்கள். ‘லைக்லி’க்கு முன் ஒரு வெரி சேர ஆறு ஆண்டுகளின் ஆய்வு தேவைப்பட்டது. வெரி தன் பிறவிப் பொருளுக்கு, மெய் என்ற பொருளுக்கு, இத்தனை அருகே வேறெங்கும் திரும்பியதில்லை.

நாம் செய்ய வேண்டியது

எழுத்துப் பயிற்சி நூல்கள் வெரியைக் களையச் சொல்கின்றன. 1959இல் ஈ. பி. வொயிட் திருத்தி வெளியிட்ட ஸ்ட்ரங்கின் நடைக் கையேடு, இத்தகைய சொற்கள் மற்றச் சொற்களின் இரத்தத்தை உறிஞ்சுபவை என்று கண்டிக்கிறது. அந்த எச்சரிக்கையை மதிக்கிறேன், தடையை ஏற்கவில்லை. மிகுதிச்சொற்களை ஒழித்த மொழி எப்படியிருக்கும் என்பதை ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட ‘1984’ நாவலில் காட்டியிருக்கிறார். அங்கே கொடுங்கோல் அரசு படைத்த மொழியில் ‘ப்ளஸ்’, ‘டபிள்ப்ளஸ்’ என்ற இரண்டு முன்னொட்டுகளே எல்லா மிகுதிக்கும் போதும். அளவு மட்டும் எஞ்சி, சாட்சி சொல்லும் மனிதர் மறைந்துவிடுகிறார். நமக்குப் பல மிகுதிச்சொற்கள் வேண்டும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மனிதர் நிற்க வேண்டும்.

ஆகவே மாணவர்களுக்குச் சொல்கிறேன்: வெரி எழுதத் தயங்காதீர்கள். எழுதும்போது, ‘மெய்யாகவா?’ என்று யாராவது கேட்டால் எதைக் காட்டுவீர்கள் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள். காட்ட ஒன்று இருந்தால் சொல் நிற்கட்டும். இல்லையென்றால், அந்த இடத்தில் தேவைப்படுவது இன்னும் உரத்த சொல் அல்ல, இன்னும் கூர்ந்த கவனிப்பு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் கட்டுரை நோட்டில் ‘வெரி குட்’ என்று எழுதும்போது, எந்த வாக்கியம் நன்றாக இருந்தது, ஏன் நன்றாக இருந்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் உங்கள் வெரி சாட்சியோடு நிற்கும். தன் எழுத்தை ஒருவர் மெய்யாகவே படித்திருக்கிறார் என்பதைப் பிள்ளை அறியும். பாராட்டுக்குக் காரணம் கேட்கவும், காரணத்தோடு பாராட்டவும் கற்றுக்கொள்ளும்.